எவ்வளவு நேரம் வரை?

பலகையில் எட்டுப் புள்ளிகள் இருந்தன. அறையில் ஏழு பேர்தான் இருந்தார்கள்.

மழை பிடித்துக்கொண்ட செவ்வாய்க்கிழமை காலை அது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. மூலையில் சாய்த்து வைத்திருந்த குடைகளிலிருந்து ஈரத்துணி வாடை எழுந்து, கணினிகளின் சூட்டு வாடையோடு கலந்து அறை முழுக்கப் படிந்திருந்தது. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். பச்சை மூன்று, மஞ்சள் ஒன்று, நீலம் நான்கு. எட்டு.

அந்தக் குழுவுக்கு அவள் தலைவி. வேலை செய்பவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு கைப்பட்டைக்கு அவர்கள் நிரல் எழுதினார்கள். எழுதியதைத் தங்கள் கையிலேயே கட்டிச் சோதித்தும் வந்தார்கள். பட்டை நாடித்துடிப்பையும் கையின் அசைவையும் பார்த்து, ஆள் எந்த நிலையில் இருக்கிறார் என்று முடிவு செய்யும். அதற்கேற்ப அவரவர் மேஜை விளக்கு நிறம் மாறும். பச்சை என்றால் வந்து பேசலாம். மஞ்சள் என்றால் ஆள் எங்கோ சிக்கிக்கொண்டு திணறுகிறார். உடனே பக்கத்தில் இருப்பவரின் மணிக்கட்டில் யாரோ விரல் நுனியால் தொட்டதுபோல இரண்டு தட்டு விழும், போய் உதவு என்று. நீலம் என்றால் ஆழ்ந்த வேலை. தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது, பக்கத்தில் போனால் மெல்ல நடக்க வேண்டும். சுவரில் இருந்த பெரிய பலகையில் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி, அதன் கீழே நாடித்துடிப்பின் எண்.

எட்டாவது புள்ளி நீலம். அதன் கீழே எழுபத்திரண்டு.

மற்ற எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. எண்பத்தொன்று, எழுபத்தொன்பது, எண்பத்து மூன்று. உயிருள்ள இதயம் ஒரே எண்ணில் நெடுநேரம் நிற்காது. எட்டாவது எண் மட்டும் ஆணி அடித்ததுபோல நின்றது.

"அக்கா, போர்டுல ஒருத்தர் எக்ஸ்ட்ராவா உக்காந்திருக்காரு, பாத்தீங்களா?" என்றாள் எதிர் மேஜைச் சோதனைக்காரி. பிழைகளைக் கடித்துக் கடித்துக் கண்டுபிடிப்பதால் குழுவில் அவளுக்கு மூட்டைப்பூச்சி என்று பெயர். "சம்பளம் கேக்காம வேலை செய்யற ஆளு. மேனேஜர் காதுல போட்டா குதிப்பாரு."

இரண்டு பேர் சிரித்தார்கள். மூட்டைப்பூச்சியும் சிரித்தாள். பிறகு அந்தப் புள்ளி இருக்கும் இடத்தைக் கவனித்தாள். பலகையில் புள்ளிகள் மேஜைகளின் வரிசைப்படிதான் இருக்கும். ஜன்னலோர மூலை. ஆறு வாரமாகக் காலியாகக் கிடக்கும் மேஜை.

"அது தண்ணி அண்ணன் சீட்டு" என்றாள், குரல் இறங்க.

"பழைய டேட்டா. நான்தான் அழிக்க மறந்துட்டேன்" என்றாள் தலைவி. வார்த்தைகள் தயாராக வாயில் இருந்தன. ஆறு வாரமாக எல்லாவற்றுக்குமே அவளிடம் வார்த்தைகள் தயாராக இருந்தன.

அவருடைய கைப்பட்டை அவளுடைய இழுப்பறையில், உறைக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தாள். செத்த மின்கலம், இருண்ட முகப்பு. ஆனால் கைக்குள் வைத்திருந்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் யாரோ கழற்றிக் கொடுத்ததுபோல.

சொட்டு மதுவைக்கூட முகர்ந்து பார்க்காத மனிதருக்குத் தண்ணி அண்ணன் என்று பெயர் வைத்ததில் குழுவுக்கு ஒரு சந்தோஷம். அவருக்கும்தான். ஐம்பதை நெருங்கியவர், அறையிலேயே மூத்தவர். காலையில் வந்ததும் எல்லோருடைய பாட்டில்களையும் இரண்டு கைகளிலும் அள்ளிக்கொண்டு நடைக்கோடியில் இருக்கும் குழாய்க்குப் போவார். "எழுதறவங்க தண்ணி குடிக்க மறந்துடுவாங்க. மறக்காத ஒருத்தன் வேணும்ல?" என்பார். வாயில் எப்போதும் ஓர் இருமல் மிட்டாய். அவர் கடந்து போனால் தைலமும் சர்க்கரையும் கலந்த வாசனை கொஞ்ச நேரம் காற்றில் நிற்கும்.

பட்டை தளர்ந்தாலோ வியர்வை பட்டாலோ நாடி அளவு விட்டுவிட்டுப் போகும். உடனே விளக்கு படபடவென்று நிறம் மாறும். வெளியாட்கள் பார்க்க வந்த ஒரு நாளில் அது ஆறு மேஜைகளில் ஒரே சமயம் நடந்தது. மேலாளர் முகம் சிறுத்துப் போனதைப் பார்த்து, அவள் அன்று மாலையே ஒரு வரி எழுதினாள். அளவு கிடைக்காவிட்டால், கடைசியாகக் கிடைத்த அளவையே வைத்துக்கொள். பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதினாள்: தற்காலிகம், பிறகு சரிசெய்ய வேண்டும்.

அங்கே ஒருவர் எழுதிய வரியை இன்னொருவர் படித்து ஒப்புதல் தர வேண்டும். அவளுடைய வரியைப் படித்தவர் தண்ணி அண்ணன்தான். ஒப்புதல் தராமல் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதினார்.

'எவ்வளவு நேரம் வரை?'

நல்ல கேள்வி. ஐந்து விநாடியா, பத்து விநாடியா? அதற்கு மேலும் அளவு வராவிட்டால் என்ன செய்வது? அரைமணி நேரத்தில் பதில் கண்டுபிடித்திருக்கலாம். அவள் 'பிறகு பார்க்கலாம் அண்ணா' என்று எழுதிவிட்டு, தலைவிக்கு இருந்த உரிமையைக் கொண்டு தானே வரியைச் சேர்த்தாள்.

மூன்றாம் நாள் காலை ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அவருடைய பட்டைக்கு அளவு கிடைக்காமல் போனது.

விளக்கு நீலமாகவே எரிந்தது. எழுபத்திரண்டு. அமைதியான, ஆழ்ந்த வேலை. அவர் நாற்காலியில் சற்றே முன்சாய்ந்து, திரையைப் பார்த்தபடி இருந்தார். எல்லோரும் அவரைச் சுற்றி மெல்ல நடந்தார்கள். பதினோரு மணிக்கு மேல் அவருடைய மனைவி அலுவலகத் தொலைபேசிக்குக் கூப்பிட்டார்; கைபேசியை அவர் எடுக்கவில்லையாம். அவளே எழுந்து நாலு அடி தள்ளி நின்று விளக்கைப் பார்த்தாள். ஆளைப் பார்க்கவில்லை. விளக்கைத்தான் பார்த்தாள். "வேலைல மூழ்கி இருக்காரு அண்ணி. பிறகு பேசச் சொல்றேன்" என்றாள். ஒரு மணிக்கு அவரை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பாட்டில்கள் காலியாக இருந்ததை அன்று யாரும் கவனிக்கவில்லை. ஒன்று நாற்பதுக்குத் துடைக்க வந்த அம்மாள்தான், விளக்கின் நிறமெல்லாம் தெரியாதவர், "ஐயா, காலைக் கொஞ்சம் தூக்குங்க" என்று தோளைத் தொட்டார்.

ஒரு தோளைத் தொட எந்தக் கருவியும் வேண்டியதில்லை. அதை நினைக்காமல் அவளால் இப்போதெல்லாம் கைகூப்ப முடிவதில்லை. சாமி விளக்கின் முன்னே நின்றால் கண்ணுக்குள் வேறொரு விளக்கு எரிந்தது.

அந்த வரியைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. மாற்றினால் மாற்றியது நிரலின் வரலாற்றில் பதியும், ஏன் என்ற கேள்வி வரும் என்று வரியை அப்படியே விட்டுவிட்டாள். செய்தது ஒன்றே ஒன்று. அவர் எழுதியிருந்த கேள்வியைத் 'தீர்ந்தது' என்று குறித்து மூடினாள்.

புதன்கிழமை காலை அவள் கணினியைத் திறந்தபோது ஒரு கேள்வி காத்திருந்தது.

'எவ்வளவு நேரம் வரை?'

பக்கத்தில் நேரம்: சற்று முன்பு. மூடினாள். மதியம் மறுபடி திறந்திருந்தது. மூடினாள். நடைக்கோடியில் குழாய் திறக்கும் ஓசை. பாட்டிலுக்குள் தண்ணீர் ஏற ஏறச் சன்னமாகிக்கொண்டே போகும் அந்தச் சத்தம். எட்டிப் பார்த்தாள். நடை காலியாக இருந்தது. திரும்பி வந்தபோது அவள் பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தது. வெளிப்புறத்தில் குளிர்ந்த நீர் முத்து முத்தாக.

"யார் ரொப்பினது?"

"நான் இல்லைங்க" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. எட்டு வருடம் பிள்ளைகளை வளர்த்துவிட்டு இந்த மாதம்தான் வேலைக்குத் திரும்பியவள். எல்லோரையும் கண்ணு, ராஜா என்றுதான் கூப்பிடுவாள். இப்போது அவள் எழுந்து நின்று மூட்டைப்பூச்சியின் தோளைத் தொடக் கை நீட்டிக்கொண்டிருந்தாள். "இந்தப் பொண்ணு காலைலேருந்து தலையே நிமிரல. ரெண்டு வாய் சாப்பிட்டியான்னு கேக்கலாம்னு..."

மூட்டைப்பூச்சியின் விளக்கு நீலமாக எரிந்தது.

"வேண்டாம்" என்றாள் தலைவி. தன் குரலின் கூர்மை அவளுக்கே கேட்டது. "நீலமா இருந்தா யாரையும் தொடக் கூடாது. எதுக்காகவும். இங்க அதுதான் ரூல்."

"சரிங்க. பழகிக்கறேன்" என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள். நல்ல மனுஷி. சொன்னால் கேட்டுக்கொள்கிறவள்.

வியாழக்கிழமை அவருடைய மனைவி வந்தார். கணவரின் பொருட்களை எடுத்துப் போக: ஒரு கம்பளிச் சட்டை, மூக்குக்கண்ணாடி, இருமல் மிட்டாய் டப்பா, ஸ்டீல் தண்ணீர் பாட்டில்.

"உன் வேலையைக் கெடுக்கறேனோம்மா?"

"ஐயோ, உக்காருங்க அண்ணி."

அண்ணி அந்தக் காலி நாற்காலியில் உட்காரவில்லை. அதன் முதுகை மட்டும் இரண்டு முறை தடவிக்கொடுத்தார். "அன்னிக்கு ஃபோன்ல சொன்னியே, வேலைல மூழ்கி இருக்காருன்னு. அதை நெனச்சுத்தான் மனசைத் தேத்திக்கறேன். பிடிச்ச வேலைய செஞ்சுக்கிட்டே போயிட்டாரு." கம்பளிச் சட்டையை மடித்துப் பையில் வைத்தார். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வேற யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. அவர் கஷ்டப்பட்டாரா?"

இந்த உலகத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவர் இறந்த மறுநாள், பட்டையில் பதிந்திருந்த பழைய அளவுகளை அவள் திறந்து பார்த்திருந்தாள். நாடி நின்றுபோன இடத்துக்குப் பிறகும் இன்னொரு நிரையில் எண்கள் இருந்தன. கையின் அசைவு. பத்து இருபதுக்கு ஒன்று. பத்து நாற்பத்தேழுக்கு ஒன்று. மிகச் சிறியவை, விரலைத் தூக்க முயன்று முடியாமல் போனதுபோல. பதினொன்று பன்னிரண்டுக்குக் கடைசியாக ஒன்று. அந்த நேரத்தில் அவள் நாலு அடி தள்ளி, தொலைபேசியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"இல்ல அண்ணி" என்றாள். "ஒரே நொடி. டாக்டரும் அதான் சொன்னாரு."

அண்ணியின் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். "நல்லா இரும்மா. இந்தப் பாட்டிலை நீயே வெச்சுக்கோ. எல்லாருக்கும் ஊத்தினது. வீட்டுல வெச்சா எனக்குத் தாங்காது."

அந்தக் கைகளின் சூட்டுக்கு உள்ளே அவள் மணிக்கட்டில் இரண்டு தட்டு விழுந்தது.

யாரோ சிக்கிக்கொண்டு திணறுகிறார். போய் உதவு.

நிமிர்ந்து அறையைப் பார்த்தாள். எங்கும் மஞ்சள் இல்லை. எல்லா மேஜையும் பச்சை. ஜன்னலோர மேஜையில் மட்டும், மின் இணைப்பைப் பிடுங்கி ஆறு வாரமான அந்த விளக்கில், நீலம்.

மாலையில் மேலாளர் எட்டிப் பார்த்தார். "நாளைக்கு நாலு மணிக்கு ரிலீஸ். நாலாயிரம் கை. உங்க சைடுல ஏதும் பாக்கி இருக்கா?"

நாலாயிரம் கைகள். நாலாயிரம் விளக்குகள். ஒவ்வொன்றுக்குள்ளும் அவள் எழுதிய அந்த ஒரு வரி.

"இல்ல சார். எல்லாம் ஓகே."

அவர் போன பிறகும் மணிக்கட்டில் தட்டு நிற்கவில்லை. பட்டையைக் கழற்றினாள். தட்டு நிற்கவில்லை. வீட்டில் மகளுக்குத் தலைவாரிவிடும்போது, "அம்மா, ஏன் உங்க கை துடிக்குது?" என்று குழந்தை கேட்டாள். தட்டின் இடைவெளியைக் கடிகாரத்தோடு வைத்து எண்ணிப் பார்த்தாள்.

நிமிடத்துக்கு எழுபத்திரண்டு.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஒரு முடிவோடு வந்தாள். சொல்லிவிட வேண்டும். வேலை போகட்டும், பெயர் போகட்டும். மேலாளரிடம் சொல்லிவிட்டு அண்ணி வீட்டுக்கும் போய் வாசலில் நின்று சொல்ல வேண்டும். கடவுள் பெரிய காரியம் எதையும் கேட்கவில்லை. எழுந்து நாலு அடி நடக்கச் சொல்கிறார், அவ்வளவுதான். அப்படி நினைத்ததுமே நெஞ்சு லேசானது. ஆறு வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பசித்தது.

பட்டையைக் கட்டிக்கொண்டு கேள்வியைத் திறந்தாள். இந்த முறை மூடவில்லை. கீழே பதில் எழுதினாள்: 'ஒரு நொடிகூட வைத்திருக்கக் கூடாது அண்ணா. நான் செய்தது தவறு. இந்த நிரல் வெளியே போகக் கூடாது. அன்று நடந்தது' என்று தொடர்ந்து, நடந்ததை எல்லாம் எழுதினாள். அனுப்பும் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் குழு முழுவதற்கும், மேலாளருக்கும் போய்விடும்.

மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது. விரல் பொத்தானின் மேல் நின்றது. சாப்பிட்டுவிட்டு, ஒருதரம் படித்துப் பார்த்துவிட்டு, பிறகு அனுப்பலாம்.

பிறகு.

சாப்பாடும் ரிலீஸ் வேலைகளும் முடிந்து திரும்பி வந்து உட்கார்ந்தபோது மூன்று இருபது. மழையில் அறை மங்கிக் கிடந்தது. பாட்டில் நிறைந்திருந்தது. இருமல் மிட்டாய் வாசனை, மிக அருகில், தோளுக்குப் பின்னால் குனிந்து ஒருவர் அவள் திரையைப் படிப்பதுபோல. திரும்ப நினைத்தாள்.

கழுத்து திரும்பவில்லை.

வலி இல்லை. ஒரு கனம் மட்டும், ஈரக் கம்பளியை மேலே போர்த்தியதுபோல. விரலைப் பார்த்தாள். பொத்தானுக்கு அரை அங்குலம். அழுத்து. விரல் அசையவில்லை. வாயைத் திற. வாய் திறக்கவில்லை. மணிக்கட்டில் தட்டு நின்றுவிட்டது. நேற்றிலிருந்து அவளைப் படுத்திய தட்டு. இப்போது ஒன்றும் இல்லை.

திரையின் ஓரத்தில் அவள் விளக்கின் பிரதிபலிப்பு தெரிந்தது. மஞ்சள், மஞ்சள் ஆகு. ஆகிவிடும். அளவு கிடைக்காவிட்டால் அது...

நீலம்.

சுவர்ப் பலகை தெரிந்தது. அவள் புள்ளி. அதன் கீழே எழுபத்திரண்டு.

காலடிகள். மெல்ல.

"லீடைத் தொந்தரவு பண்ணாதீங்க" மேலாளரின் கிசுகிசுப்பு. "நேத்தே ஓகே சொல்லிட்டாங்க. அனுப்பிடலாம்."

நான் இங்கே இருக்கிறேன். இங்கே.

நாலு மணி. சத்தம் வராமல் கைதட்டினார்கள். யாரோ கேக் வெட்டினார்கள். "அக்காவுக்கு ஒரு துண்டு எடுத்து வைங்கப்பா" என்றாள் மூட்டைப்பூச்சி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தபடி. "இன்னிக்குக்கூட வேலையா? இவங்களத் திருத்தவே முடியாது."

விரல் கொஞ்சம் அசைந்தது. நூலளவு. யாரும் பார்க்கவில்லை. அது எங்கோ ஒரு நிரையில் ஓர் எண்ணாகப் பதிந்திருக்கும்.

இப்படித்தான் இருந்ததா அண்ணா? எல்லாம் கேட்டதா? நான் ஃபோனில் பேசியதும்?

தோளுக்குப் பின்னால் மிட்டாய் ஒன்று பல்லில் பட்டு உருண்டது.

ஆறு மணிக்கு அவள் கைபேசி மேஜையில் நடுங்கியது. திரையில் மகள் முகம். நின்றது. மறுபடி நடுங்கியது. பக்கத்து மேஜைக்காரி தயங்கி வந்து எடுத்தாள். அவள் முகம் அருகில் வந்தது. அன்பான முகம். ஒரே ஒருமுறை என் கண்ணைப் பார். விளக்கை அல்ல. கண்ணை.

"அம்மா வேலைல மூழ்கி இருக்காங்க கண்ணு" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "பிறகு பேசச் சொல்றேன், சரியா ராஜாத்தி?"

கைபேசியை வைத்தாள். போகவில்லை. நெற்றி சுருங்கியது. கை மெல்ல நீண்டது. தோளை நோக்கி வந்தது. ஒரு சாண். நாலு விரல். அந்தக் கையின் சூடு சட்டையில் படும் அளவுக்கு வந்தது.

கடவுளே.

கை நின்றது. அவள் பார்வை விளக்குக்குப் போனது. நீலம். எதுக்காகவும் தொடக் கூடாது. இங்க அதுதான் ரூல்.

கை திரும்பிப் போனது. பாட்டிலை மட்டும் தலைவியின் கைக்கு எட்டும் தூரத்துக்கு, சத்தம் வராமல், நகர்த்தி வைத்தாள்.

ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். குடைகளை எடுத்தார்கள். துடைக்க வருகிற அம்மாளுக்குத் திங்கட்கிழமை வரை விடுமுறை. கூரை விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன. நுனிக்காலில் நடந்துபோய், கதவைக்கூட ஓசைப்படாமல்தான் சாத்திவிட்டுப் போனார்கள்.

திரையில் அவள் எழுதி அனுப்பாத பதிலுக்கு மேலே அந்தக் கேள்வி இருந்தது.

நடைக்கோடியில் குழாய் திறந்தது. பாட்டிலில் தண்ணீர் ஏறியது. நிறைந்தது. செருப்புக் காலடி ஒன்று, அவசரமே இல்லாமல், நடையில் வர ஆரம்பித்தது.

இருட்டில் இரண்டு மேஜைகளில் நீல விளக்கு எரிந்துகொண்டிருந்தது.